மயில்தாஸ்

தக்காளி விலைக்கும் வானிலைக்கும் நடுவில்
வேறொருவர் வாசித்தார்.
வேலந்தாவளம் சந்தையில்
பாகற்காய் தரம்பிரித்துக்கொண்டிருந்தேன்,
சின்னது இடப்பக்கம், கோணல் வலப்பக்கம்.
ஆடியில் கணவாய்க் காற்று அடித்தால்
எங்கள் ரேடியோவில்
பாதிச் சொல் தமிழாக, மீதி மலையாளமாக வரும்.
இருதயராஜ் என்பது கேட்டது.
காலமானார் என்பது பிறகு கேட்டது.
இரண்டையும் சேர்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கோணல் காய் ஒன்றை இடப்பக்கம் போட்டேன்.
தரகர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கொழிஞ்சாம்பாறை வளைவில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள்.
மேலே மலையாளத்தில் ஆதராஞ்சலி,
கீழே தமிழில் கண்ணீர் அஞ்சலி,
நடுவில் ஓர் ஆள்.
பெரிய காது. சட்டைப்பையில் இரண்டு பேனா.
"இவரா?" என்றான் லாரி ஓட்டும் பொன்னுமணி.
பத்தொன்பது வருடமாக
அந்தக் குரலுக்கு நான் வைத்திருந்த முகத்தை
அங்கேயே, பேக்கரி வாசலில்,
கழற்றி வைக்க வேண்டியிருந்தது.

வீட்டு முற்றத்தில் நாற்பது பேர்.
யாரும் யாரையும் பார்த்ததில்லை.
"ஒழலப்பதி வேலாத்தாள்" என்றார் ஒருத்தி,
கார்டில் எழுதுவது போலவே, ஊர் முன்னால், பெயர் பின்னால்.
"நீங்களா! மகளுக்குப் பிரசவம் ஆச்சுங்களா?"
"ரெட்டை. இப்ப காலேஜ் போகுதுங்க."
"கோபாலபுரம் அந்தோணிமுத்து, கால் முறிவு?"
"கம்பி வச்சாச்சு."
இழவு வீடென்பது மறந்து
யாரோ சிரித்துவிட்டார்கள்.

உள்ளே மகனுக்காகக் காத்திருந்தார்,
மஸ்கட் விமானம் இறங்கும்வரை, ஐஸ் பெட்டிக்குள்.
பெட்டி இரைந்தது.
ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே
முள்ளைத் திருகும்போது வருமே, அந்த இரைச்சல்.
பொன்னுமணியின் விரல்
லுங்கியின் மேல் தன்னையறியாமல் திருகியது.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள்
ஒருவருக்கும் வரவில்லை.
ஆழ்ந்த இரங்கல் என்று தொடங்கிய வேலாத்தாள்
"சாப்பிட்டீங்களா" என்று முடித்தாள்.
அவர் மனைவி பிலோமினாள்
ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார்,
வருகைப் பதிவு எடுப்பது போல.

என் முறை.
என் பெயர் மயிலாத்தாள்.
முதல் கார்டில் மழை விழுந்து மை கலைந்தது.
"வேலந்தாவளம் மயில்தாஸ் கேட்கிறார்" என்று
அவர் வாசித்த அன்றிலிருந்து
சந்தையில் எனக்கு தாஸ் என்றே பெயர்.
திருத்தி எழுத நினைத்து நினைத்து
ஒவ்வொரு முறையும்
அதே போல, கொஞ்சம் கலைத்தே, கையெழுத்துப் போட்டேன்.
வீட்டுக்காரன் விட்டுப்போன வருடம்
தாஸுக்கு அவர் ஆறுதல் சொன்னார்:
"தம்பி, ராத்திரி நீளம்தான், ஆனால் ஒன்பதரைக்கு நான் வருவேன்."

"மயில்தாஸுங்க" என்றேன்.

பிலோமினாள் என் வளையலைப் பார்த்தார்.
அழுத கண்ணோடு வாய் கோணிச் சிரித்தார்.
"பொம்பள கையெழுத்துன்னு
மூணாவது கார்டுலயே சொன்னேன் அவர்கிட்ட.
தெரியும்டீன்னார்.
இப்பத் திருத்துனா
அந்தத் தாஸ் செத்துப்போயிருவானேன்னார்."

கட்டஞ்சாயா வந்தது. குடித்தோம்.
காற்று ஃப்ளெக்ஸைப் படபடக்கவிட்டது.

அன்றிரவு ஒன்பதரைக்கு
புதுப் பெண்ணொருத்தி பேசினாள்.
குறை சொல்ல ஒன்றுமில்லை. தெளிவான ழகரம்.
அவர் இருமிய பிறகுதான் மைக்கை அணைப்பார்,
அவள் அதற்கு முன்பே அணைத்துவிடுகிறாள்.

பிலோமினாளுக்கு ஒரு கார்டு எழுதினேன்.
நலமா என்று கேட்டு அடித்தேன்.
மகன் எத்தனை நாள் இருப்பான் என்று கேட்டேன்.
இந்த வாரம் பாகற்காய் விலை சொன்னேன்.
கீழே மயிலாத்தாள் என்று
எழுத்து எழுத்தாக, நிதானமாக எழுதியபின்
தாஸுக்கு இடமில்லை.
கார்டைத் திருப்பி,
பின்கோடு கட்டங்களுக்கு மேலே, ஓரமாக,
அவனையும் உட்காரவைத்தேன்.